பதினோரு மதிப்பெண் பட்டியல்கள்

1

வருஷத்துக்கு இரண்டு முறை நான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறேன். டிசம்பர் கடைசியில் ஒரு முறை, மே மாத நடுவில் ஒரு முறை. கோபமில்லாமல், சத்தமில்லாமல், கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி. அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளக்காட்டுக்கு மத்தியில் நிற்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல் என்னுடையது. பதினான்கு வருஷமாக அந்த ஜன்னல் வழியாகத்தான் இந்த நாட்டைப் பார்க்கிறேன். பிள்ளைகள் பெயர் சேர்க்க வருவார்கள், பாடம் மாற்ற வருவார்கள், சான்றிதழ் வாங்க வருவார்கள். வெளியேற்றக் கடிதம் பெற்றவர்கள் மட்டும் வருவதில்லை. அவர்களுக்கு மின்னஞ்சலில் கடிதம் போகிறது, அவ்வளவுதான்.

ஊரில் கேட்பவர்களுக்குத் தனித்தனியாக விளக்கி அலுத்துவிட்டது. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இங்கே இளநிலை படிக்கிற பிள்ளையின் சராசரி, நான்குக்கு இரண்டு என்ற கோட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் 'புரொபேஷன்'. ஒரு பருவம் அவகாசம் தருகிறோம், மேலே ஏறி வா என்கிற எச்சரிக்கை. அடுத்த பருவமும் ஏறாவிட்டால் 'டிஸ்மிஸல்', வெளியேற்றம். பத்து நாளுக்குள் முறையிடலாம். முறையீடு தள்ளுபடியானால் ஒரு வருஷம் வெளியில் இருந்து, வேறொரு சின்னக் கல்லூரியில் நாலு பாடம் நல்லபடியாகத் தேறி, அந்தத் தாள்களோடு மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம்.

அரியர் வைத்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. நம் பக்கம் கல்லூரி யாரையும் போ என்று சொல்லாது. வகுப்பு முடிந்துபோகும், தோழிகள் கல்யாணமாகிப் போவார்கள், பாடத்திட்டமே மாறிப்போகும். விட்டுப்போன தாள் மட்டும் ஏப்ரலிலும் நவம்பரிலும் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இங்கே தாள் காத்திருக்காது. ஆள்தான் வெளியே நின்று காத்திருக்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. கல்லூரிக்குள் கால்வைத்த பிள்ளையின் மதிப்பெண் அந்தப் பிள்ளைக்கே சொந்தம். அவன் எழுதிக் கொடுக்காமல் பெற்றவர்களிடம்கூட நாங்கள் வாய் திறக்கக் கூடாது. "நான்தானே அவளைப் பெற்றேன்" என்று போனில் அழுத தாய்மாரிடம், "மன்னிக்கவும், அதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும்" என்று எத்தனையோ முறை பழகிய குரலில் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷத்து மே மாதக் கடிதங்கள் இன்று காலை போயின. போன வருஷம் இதே வேலையின் நடுவில் என் கை நின்றது. அதைத்தான் எழுத வந்தேன்.

2

பட்டியல் ஒரு நீளமான அட்டவணை. பெயர், எண், சராசரி, கடிதத்தின் வகை. நான் பெயர்களைப் படிப்பதில்லை. கட்டம் நேராக இருக்கிறதா, முகவரி காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இறங்குவேன். போன வருஷம் அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு முகவரி என்னைத் தடுத்தது. அது என் வீட்டு முகவரி. இடது பக்கம் பார்த்தேன். சேது. என் மகன். இரண்டாம் ஆண்டு, உயிரியல்.

எழுந்து முதல் ஜன்னலுக்குப் போனேன். டோரதி அங்கேதான் இருப்பாள். எங்கள் அலுவலகத்தில் மூத்தவள், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவள்.

"இந்தப் பட்டியலை நான் முடிக்கக் கூடாது. இதில் எனக்கு வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பட்டியலைப் பார்க்கவில்லை.

"எந்த வரி என்று சொல்லாதே. நான் முடித்துக்கொள்கிறேன். நீ இதைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனாலும் பார்க்கவில்லை."

"டோரதி, அவன் என்..."

"அதனால்தான் சொல்கிறேன். இங்கே பார்த்ததை அங்கே கொண்டுபோனால் உன் வேலை போகும். அது சின்ன விஷயம். அம்மா வேவு பார்த்தாள் என்று அந்தப் பிள்ளை நினைக்கும். அது சின்ன விஷயமில்லை."

சாயங்காலம் சேது வந்தான். இந்த ஊரில் பிறந்தவன். அவனுக்குத் தமிழ் என்னிடமிருந்தும், பள்ளத்தூரில் இருக்கிற என் அண்ணனிடம் போனில் பேசியும் வந்தது. அதனால் அவன் தமிழில் ஒருமையே கிடையாது, எல்லோரும் 'வாரீக, போறீக'தான். பக்கத்து வீட்டு நாயையும் "எங்குட்டு போறீக?" என்றுதான் கேட்பான்.

"பரீட்சையெல்லாம் எப்படிப்பா?"

"நல்லாத்தான்மா. கோடைக்கு ரெண்டு கிளாஸ் எடுத்திருக்கேன். நாளைலருந்து காலைல போயிருவேன்."

கோடை வகுப்புக்கு அவனால் பெயர் சேர்க்க முடியாது. வெளியேற்றப்பட்டவனுக்குக் கணினி கதவைத் திறக்காது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதை அவனுக்குத் தெரியவிடக் கூடாது என்பதும் தெரியும். முறையிட அவனுக்குப் பத்து நாள். அதை அவன் வீணாக்கிவிட்டால் ஒரு வருஷம் கண்முன்னே கதவடைத்து நிற்கும். முறையிடச் சொல்லி நினைவூட்டுகிற ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரக் கூடாது.

தெரியாத தாயாக இருப்பது சுலபம். தெரிந்துகொண்டே தெரியாத தாயாக இருப்பது முழுநேர வேலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இல்லாத வகுப்புக்கு அவன் கிளம்புவான். நான் டப்பாவில் எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுப்பேன். சேதுவின் அப்பா வேறு ஊரில் பாலம் கட்டுகிற வேலையில் இருப்பவர், சனி ஞாயிறுதான் வீடு. "பய படிக்கிறானா?" என்று போனில் கேட்பார். "கேட்டுக்கங்க, பக்கத்துலதான் இருக்கான்" என்று கொடுத்துவிடுவேன். பொய் சொல்கிற முறை யாருடையதோ அவர்களே சொல்லட்டும்.

3

எனக்கு அப்போதெல்லாம் பஸ் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்குக் கல்லூரி பஸ் என்று தனியாக ஒன்றும் இல்லை. எல்லோரும் போகிற பஸ்தான். பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்து இரண்டாம் பருவத்தில் துணைப்பாடக் கணக்கில் விழுந்தேன். நவம்பரில் மறுபடி எழுதி மறுபடி விழுந்தேன். முடிவு கல்லூரிப் பலகையில் ஒட்டப்பட்ட அன்று நான் ஊர் திரும்புவதற்கு முன்பே சேதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"என்னத்தா, கணக்குல மறுபடியும் நின்னுட்டியாம்ல?" என்றார் கண்டக்டர் ராசு அண்ணன், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே.

"யாருண்ணே சொன்னா?"

"நாலு சீட்டுக்கு முன்னாடி உக்காந்திருக்குல்ல ஒன் சேக்காளி, அதுதான். போர்டுல ஒன் நம்பரு இல்லையாம்ல."

கீரைக்கூடையோடு இருந்த ஒரு அம்மா திரும்பினார். "விடுத்தா. கணக்கு எங்குட்டு ஓடிப்போகுது? அங்குட்டேதான் கெடக்கும். அடுத்த வாட்டி புடிச்சுக்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் தாவணித் தலைப்பைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இதை இனிப்பாக நினைத்துக்கொள்ள நான் தயாரில்லை. 'அரியர் புள்ள' என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுத் தெளிந்த பிறகுதான் காபித் தம்ளரைத் தொட்டார்கள். என் மதிப்பெண் எனக்குச் சொந்தமாக ஒரு நாளும் இருந்ததில்லை. அது பஸ்ஸுக்குச் சொந்தம், அது நின்ற எட்டு நிறுத்தங்களுக்கும் சொந்தம்.

நாலாவது தடவை தேறினேன். ராசு அண்ணன் அன்றைக்கு விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார். "நம்ம பள்ளத்தூர்ப் புள்ள கணக்குல பாசு!" என்று கூவினார். டிரைவர் ஹாரன் அடித்தார். வெட்கத்தில் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி வீட்டுக்கு நடந்தேன். நடக்க நடக்கச் சிரிப்பு வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஊரில் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு ஊரில் பெற்றவளுக்கும் தெரியக் கூடாது. இரண்டிலும் வாழ்ந்துவிட்டேன், இரண்டையும் தாங்குவேன். ஆனால் விழுந்த பிள்ளை எழுந்து வருவதற்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தை யாரும் சட்டமாக எழுதித் தரமாட்டார்கள். வீட்டில் இருக்கிறவர்கள்தான் ஏற்படுத்த வேண்டும். என் வீட்டில் அது ஏன் இல்லை என்று யோசித்தபோதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

4

புலம்பெயர்ந்து வந்த நம்மவர்கள் எல்லோரும் கடல் தாண்டும்போது மதிப்பெண் பட்டியலைத் திருத்திக்கொள்கிறோம். தாளில் இல்லை, வாயில். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பெற்றோர் எல்லோரும் வகுப்பில் முதல், மாவட்டத்தில் இரண்டாவது. தோற்றவர்கள் எவரும் விமானம் ஏறவே இல்லை போலிருக்கும்.

நானும் ஏற்றிச் சொன்னவள்தான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் போய்ப் படித்து முதல் வகுப்பில் தேறிய கதையைச் சொல்லியிருக்கிறேன். பஸ் உண்மை. முதல் வரிசையில் பத்து வயதுச் சேது கை வலிக்கத் தட்டினான்.

ஆறாம் நாள் காலை, ஞாயிற்றுக்கிழமை, அண்ணனுக்குப் போன் போட்டேன். பாலத்து வேலை முடியாமல் சேதுவின் அப்பா அந்த வாரம் வீட்டுக்கு வரவில்லை.

"அண்ணே, நான் அரியர் வச்சத சேதுகிட்ட சொல்லிறலாம்னு இருக்கேன்."

"அடியே, ஒனக்கென்ன கிறுக்கா? நீ கணக்குல விழுந்தத ஊரே மறந்துருச்சு. ராசு அண்ணனே ரிட்டயர் ஆயிட்டாரு. நீ எதுக்குத் தோண்டுற?"

"நீங்கதான் முன்ன ஒரு வாட்டி அவன்கிட்ட ஒளறப் பாத்தீக."

"அப்பத்தான் நீ என்னைய அந்தத் திட்டு திட்டுனியே! வாயத் தொறந்தா போனையே எடுக்கமாட்டேன்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏத்தா, மாப்ள சேதுவுக்கு ஏதும்...?"

"ஒண்ணுமில்லண்ணே."

"சரி. நான் ஒண்ணும் கேக்கல." கேட்காமல் இருக்க அண்ணன் பட்ட பாடு எனக்கு இங்கே வரை கேட்டது. ஊரில் ஒரு சேதியைத் தானாக விட்டுவிடுவது அவருக்குச் சின்னத் தியாகமில்லை.

5

பழைய பெட்டியிலிருந்து மதிப்பெண் பட்டியல்களை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். எல்லாம் லேமினேஷன் செய்தவை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் படிப்பைச் சரிபார்க்கிறவர்கள் 'இதை ஏன் பிளாஸ்டிக்குக்குள் அடைத்தீர்கள்?' என்று திருப்பி அனுப்பியவை. அடைத்ததுதான் அடைத்தோம், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு எழுத்துகூட மங்கவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்த சேது தட்டு வைக்க இடமில்லாமல் நின்றான்.

"என்னம்மா இதெல்லாம்?"

"என் மார்க் ஷீட்டுக. ஒரு பக்கமா ஒதுக்கி வை."

ஒதுக்கினான். ஒதுக்கும்போதே எண்ணினான். "ஆறு செமஸ்டர்தானே? பதினொண்ணு இருக்கு."

"ஆமா."

ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "இதுல 'ஆர்.ஏ.'ன்னு போட்டிருக்கே. காலேஜ்லயே ரிசர்ச் அசிஸ்டன்டா இருந்தீகளா?"

"இல்லடா. ரீ-அப்பியர். மறுபடி வந்து எழுதணும்னு அர்த்தம்."

"அப்படின்னா ஃபெயிலா?"

"ஃபெயில்தான். கணக்கு மூணு தடவ. நாலாவது தடவதான் பாஸ். மின்காந்தவியல் ரெண்டு தடவ ஃபெயில். ஒவ்வொரு தடவ எழுதுனதுக்கும் தனித்தனித் தாளு குடுப்பாங்க. அதான் பதினொண்ணு."

"ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்னீக!"

"பொய் சொன்னேன்."

"தமிழ் ஸ்கூல்ல மைக்ல சொன்னீக!"

"மைக்ல சொன்னா மட்டும் உண்மையாயிருமா?"

அவன் சிரிக்க ஆரம்பித்தான். நாற்காலியில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கணக்குத் தாள்கள் நாலையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. தாள்களை மெதுவாக மேஜையில் வைத்தான். குழம்புச் சட்டியை நான் தேவையில்லாமல் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் கிளாசுக்குப் போகல."

"ம்."

"கோடைக் கிளாஸ்னு ஒண்ணும் இல்ல. என்னை வெளிய அனுப்பிட்டாங்க. தினமும் டவுன் லைப்ரரில உக்காந்திருக்கேன்." மூச்சு வாங்கினான். "போன வருஷம் வேதியியல் முதல் டெஸ்ட்ல முப்பத்திரெண்டு வாங்குனேன். புரொஃபசர்கிட்டப் போய்க் கேக்கலாம்னு ரூம் வாசல் வரைக்கும் போனேன். கேக்கல. அப்பறம் அந்தக் கிளாசுக்கே போகல. அப்பறம் மத்த கிளாசுக்கும்... நம்ம வீட்ல யாருமே ஃபெயில் ஆனதில்லயேம்மா. என்னன்னு வந்து சொல்றது?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குச் சட்டம் ஏதும் குறுக்கே நிற்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன். இந்தப் பிள்ளை வேதியியலில் விழவில்லை. என் முதல் வகுப்பில் இடறி விழுந்திருக்கிறான்.

"தப்பு என் பேர்ல" என்றேன்.

"பாதி" என்றான். "மீதி நான்தான். கிளாசுக்குப் போகாதது நான்." அப்புறம் தலையைத் தூக்கினான். "இருங்க. நீங்க அந்த ஆபீஸ்லதான இருக்கீக. ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு ஆபீஸ்ல தெரிஞ்சதச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. நீ சொன்னத மட்டுந்தான் நான் பேசலாம்."

அவன் என்னையே பார்த்தான். "எத்தன நாளா?"

"ஆறு."

"ஆறு நாளா ஒண்ணுமே கேக்காமயா இருந்தீக? நீங்களா?"

"தாடை வலிக்குதுடா" என்றேன்.

6

முறையீட்டுப் படிவத்தில் மூன்று கட்டங்கள். என்ன நடந்தது? இப்போது என்ன மாறியிருக்கிறது? இனி என்ன செய்வாய்? முதல் கட்டத்தையே அவன் லைப்ரரியில் ஒன்பது முறை எழுதி ஒன்பது முறை அழித்திருந்தான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் கை சும்மா இருக்குமா? லீவு லெட்டர் எழுதிப் பழகிய கை. "மாமாவுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு, அந்தக் கவலைலன்னு ஒரு வரி சேப்பமா?" என்றேன்.

"அம்மா. இப்பத்தான் பதினோரு தாள எடுத்து வச்சீக. மறுபடி ஆரம்பிக்கிறீக."

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். அவனே எழுதினான். என்ன எழுதினான் என்று இன்று வரை நான் படிக்கவில்லை. அப்பாவிடமும் அவனே சொன்னான். பாலம் கட்டுகிற மனிதர், "எந்த எடத்துல விரிசல் விட்டுச்சுன்னு கண்டுபுடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். "கண்டுபுடிச்சேம்பா." "அப்ப கட்டிறலாம்."

முறையீடு தள்ளுபடியானது. ஊரில் இருப்பவர்கள் இதைக் கேட்டு உச்சுக்கொட்ட வேண்டாம். குழு தப்பு செய்ததாக நான் நினைக்கவில்லை. 'நீ உண்மையை எழுதியிருக்கிறாய், ஆனால் மாற்றம் இன்னும் நடக்கவில்லை, நடத்திக்கொண்டு வா' என்று எழுதியிருந்தார்களாம், சேது சொன்னான். எனக்கு அரியர் காலத்தில் ஒருவரும் இப்படி எழுதவில்லை. நாலு முறையும் பணம் கட்டச் சீட்டு தந்தார்கள். ஏன் விழுகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. நில், யோசி, பிறகு வா என்று சொல்வதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. வெளியேற்றக் கடிதம் அனுப்புகிறவளாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

அந்த ஒரு வருஷம் காலையில் செடி நாற்று விற்கிற பண்ணையில் வேலை, மத்தியானம் சின்னக் கல்லூரியில் வகுப்பு. வேதியியலை மறுபடி எடுத்தான். இந்த முறை ஆசிரியர் அறை வாசலோடு திரும்பவில்லை. மண் ஒட்டின கையோடு உள்ளே போய் உட்கார்ந்து, அவர் போதும் என்கிற வரைக்கும் கேட்டானாம். ஒரு டெஸ்டில் குறைந்தபோது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "அம்மா, நாப்பத்தெட்டு!" என்றான். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். எனக்குப் பிடித்த மதிப்பெண் அதுதான்.

மாமாவுக்கும் அவனே போனில் சொன்னான். அண்ணன் குரல் ஸ்பீக்கரில் அதிர்ந்தது: "மாப்ள, கவலப்படாதீக! நம்ம குடும்பத்துல எதையும் ஒரு தடவையில முடிச்சா நல்லா இருக்காது!" மறுநாள் காலைக்குள் பள்ளத்தூரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த முறை நான் திட்டவில்லை. சொல்ல உரிமையுள்ளவன் சொன்ன சேதி அது.

7

மறுசேர்க்கை முடிவை மட்டும் எங்கள் அலுவலகத்தில் இன்னும் உறையில் போட்டு நேரில்தான் கொடுக்கிறோம். அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்திட்டு வாங்க வேண்டும். இன்று மத்தியானம் கூடத்தில் நல்ல கூட்டம். வரிசை நகர்ந்து நகர்ந்து, தலை நிமிர்ந்தபோது என் ஜன்னலுக்கு வெளியே சேது நின்றான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான்.

"வணக்கம். மறுசேர்க்கை முடிவு வாங்க வந்திருக்கிறேன்" என்றான், ஆங்கிலத்தில், யாரோ போல.

"அதை முதல் ஜன்னலில் தருவார்கள்" என்றேன், நானும் யாரோ போல.

போனான். டோரதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தாள், உறையைத் தேடினாள், கையெழுத்து வாங்கினாள். எல்லாவற்றையும் நான் காதால்தான் பார்த்தேன். என் கண் திரையில் இருந்தது. திரையில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. உறை கிழிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. தாளை மடிக்கிற சத்தம்கூட இல்லை. ராசு அண்ணன் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் முன் ஒரு நொடி இப்படித்தான் இருக்கும்.

"அம்மா! கெடச்சிருச்சு!"

கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவன் நடுவில் நின்றுகொண்டு தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

"புரொபேஷன்லதான் எடுத்திருக்காக! பழைய மார்க்கெல்லாம் அப்படியே நிக்கும்! ஆனா கெடச்சிருச்சு!"

அத்தனை பேரில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் போனான்.

டோரதி தன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். உறைக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தும் கேட்டாள்.

"என்ன சொன்னான் அந்தப் பிள்ளை?"

"மன்னிக்கவும்" என்றேன். "அதை அவர்தான் சொல்ல வேண்டும்."

அவள் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மணியை அழுத்தி, வரிசையில் அடுத்து நின்ற பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்றாள், கையில் அச்செடுத்து மடித்த தாள், கண்ணில் ஈரம். இன்று காலை என் பொத்தானிலிருந்து போன கடிதம் அது. வெளியேற்றக் கடிதத்தோடு ஜன்னலுக்கு நேரில் வந்த முதல் பிள்ளை அவள்தான்.

"உட்காரம்மா" என்றேன், ஜன்னலுக்கு வெளியே இருந்த நாற்காலியைக் காட்டி. "பத்து நாள் இருக்கிறது. முதல் கட்டத்திலிருந்து தொடங்கலாம்."